இரண்டரை நாழிகை

நம் முன்னோர் வழியின் நீளத்தைக் காலத்தைக் கொண்டே அளந்தனர். ஒருவன் ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தூரத்தை அவர்கள் 'நாழிகை வழி' என்றனர். ஏழரை நாழிகை வழி ஒரு காதம். நாழிகை என்பது 24 நிமிடம். ஆதலால் காதம் என்பது 3 மணி நேர நடை. ஏறத்தாழ 10 மைல் என்று கொள்ளலாம். அதனினும் மிகக் குறுகிய தொலைவைக் 'கூப்பிடு தூரம்' என்றனர். அழைத்தால் கேட்கும் இடம் அண்மை. கேளாத இடம் சேய்மை. அளவுச் சங்கிலி இல்லாத காலத்தில் காலும் குரலுமே அளவைகளாய் இருந்தன. பின்னர் மைல் வந்தது. அதன்பின் கிலோமீட்டர் வந்தது. எனினும் இன்றும் திருச்சிப் பேருந்து நிலையத்தில் நின்று, "தஞ்சாவூர் எவ்வளவு தூரம்?" என்று ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றே விடை வரும். கிலோமீட்டர்க் கணக்குச் சொல்வோர் அரியர்.

நான் பல்லாண்டு கணிதம் கற்பித்தவன். தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆயினும் 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் என் சித்தியாருடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் சென்றேன். அந்தச் சிறு பயணத்தின் நேரத்தையும் தொலைவையும் பற்றியே ஈண்டு எழுதப் புகுகிறேன்.

முதலில் சித்தியாரைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். என் சித்தப்பா இளமையில் யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். பலாலிக்கு அடுத்த வசாவிளான் என்னும் ஊரில் பெண் கொண்டு அங்கேயே குடியமர்ந்தார். 1984-ஆம் ஆண்டில், நாடு கலவரப்பட்டிருந்த வேளையில், மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்கு மீண்டார். சில திங்களில் நிலைமை சீராகும் என்பது அன்று அவர்களுடைய எண்ணம். தைப்பொங்கலுக்கு வந்துவிடுவதாகச் சித்தியார் தம் தாயாரிடம் சொல்லிவிட்டு வந்தாராம்.

தைப்பொங்கல் பல வந்து போயின. 1990-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் போர் மீண்டும் மூண்டபோது, வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது. பலாலி விமானத் தளத்தைச் சூழ்ந்த நிலம் படையினரின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சித்தியாரின் தாயாரும் தமையனாரும் சுன்னாகத்துக்கு அருகே உறவினர் வீடொன்றில் ஒதுங்கினர். மறு ஆண்டு அம்மூதாட்டி அவ்வீட்டிலேயே காலமானார். செய்தி கடிதமாகத் திருச்சிக்கு வந்து சேர்ந்தபோது, 31-ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்திருந்தது. சித்தியார் அக்கடிதத்தை வாயிற்படியில் நின்றே படித்தார். பின்பு கிணற்றடிக்குச் சென்று தலை முழுகிவிட்டு வந்தார். அவ்வளவே அவரால் செய்ய இயன்றது. தாயார் இறந்த இடம் எங்கள் ஊரிலிருந்து வானவழியில் 200 கிலோமீட்டர் கூட இல்லை. மதுரைக்குப் போய் வரும் தொலைவினும் அது குறைவு.

2025 ஜூன் இறுதியில் ஒரு நாள், சித்தியாரின் தமையனார் மகன் தொலைபேசியில் அழைத்தான். தந்தைக்கு வயது 84 என்றும், நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதென்றும், மருத்துவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை என்றும் தெரிவித்தான். சித்தியார் தொலைபேசியை வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்பு என்னை நோக்கி, "தம்பி, இந்த முறை எனக்குக் கடிதம் வரக்கூடாது" என்றார்.

அவ்வாண்டு மார்ச் 30 அன்றுதான் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர் விமானம் தொடங்கப்பட்டிருந்தது. பயணச் சீட்டும் நுழைவு இசைவும் பெறுவதற்கு ஐந்து நாட்கள் ஆயின. அந்த ஐந்து நாட்களும் சித்தியார் அடிக்கடி தொலைபேசியைப் பார்ப்பதும், முற்றத்திற்கு வந்து நிற்பதுமாக இருந்தார். அவர் மனத்தைச் சற்றே வேறு வழியில் திருப்புவதற்காக நான் நிலப்படத்தையும் காகிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அவருக்குக் கணக்குச் சொன்னேன். மாணவரும் அக்கணக்கை உடன் செய்து பார்க்கலாம்.

பூமியின்மேல் ஓர் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் போதும். திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10 பாகை 46 கலையிலும், கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 43 கலையிலும் உள்ளது. பலாலி வட அட்சம் 9 பாகை 48 கலை. கிழக்குத் தீர்க்கம் 80 பாகை 4 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. எனவே பலாலி நமக்குத் தெற்கே 58 கலையும், கிழக்கே 81 கலையும் தள்ளியிருக்கிறது. வடக்குத் தெற்காக ஒரு கலைத் தூரத்தையே கடலோடிகள் 'கடல் மைல்' என்று கொண்டனர். இன்று அதனை 1,852 மீட்டர் என்று வரையறுத்திருக்கின்றனர். விமானிகளும் அவ்வளவையே கையாளுகின்றனர். ஆகத் தெற்கு நோக்கி 58 கடல் மைல். கிழக்கு மேற்காகச் செல்லும்போது, பூமத்திய ரேகையை விட்டு விலக விலகக் கலையின் நீளம் சுருங்கும். நம் பகுதி அந்த ரேகைக்கு அண்மையில் இருப்பதால் அச்சுருக்கம் சிறிது. 81 கலை ஏறத்தாழ 80 கடல் மைல் ஆகும். இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு சிறு பக்கங்கள். நமக்கு வேண்டுவது கர்ணம். 58-இன் வர்க்கம் 3,364. 80-இன் வர்க்கம் 6,400. இரண்டின் கூட்டுத்தொகை 9,764. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 99. பூமி உருண்டையாயிற்றே, நேர்கோட்டுக் கணக்குப் பொருந்துமா என்று நுண்ணறிவுடைய மாணவர் கேட்பர். நெடுவழிகளுக்குப் பொருந்தாது, 100 கடல் மைலுக்கு அதனால் விளையும் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று.

99 கடல் மைல் என்பது 183 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. பழைய அளவையில் சொன்னால் ஏறத்தாழப் பதினொன்றரைக் காதம். அளவுகோலை வைத்துப் படத்தில் கோடு இழுத்தேன். அது கந்தர்வகோட்டைப் பக்கத்தைத் தொட்டு, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே சென்று, அதிராம்பட்டினத்தின் அருகில் நிலத்தை விட்டது. கோட்டில் பாதி நிலம். பாதி பாக்கு நீரிணை. சித்தியார் அக்கோட்டின்மேல் விரலை வைத்து இம்முனையிலிருந்து அம்முனை வரை மெல்ல நகர்த்தினார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான். ஆனால் இந்தக் கோட்டில் செல்வதற்கு வழி இல்லாத காலத்தில் மக்கள் எவ்வாறு சென்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. அக்கோடு 400 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கொழும்பிலிருந்து வடக்கு நோக்கித் திரும்பித் தரைவழியே யாழ்ப்பாணத்துக்கு மேலும் 400 கிலோமீட்டர். நேர்வழியினும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட சுற்று அது. அச்சுற்று வழியும் எக்காலத்தும் திறந்திருந்ததில்லை. யாழ்ப்பாண இரயில் 1990-இல் நின்றது. 2014 அக்டோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. கண்டியிலிருந்து வரும் நெடுஞ்சாலை போர்க்காலத்தில் பலமுறை அடைபட்டது. இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. சென்னை விமான நிலையத்துக்கும் கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே செல்லும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்பிய ஒருவர், தம் ஊரைக் கடந்து 300 கிலோமீட்டர் தெற்கே சென்று இறங்கி, மீண்டும் அத்தனை தூரமும் வடக்கே வர வேண்டியிருந்தது. வழி இல்லையெனில் அண்மை இருந்தும் பயனில்லை போலும்.

பலாலி புதிதாகத் தோன்றிய நிலையம் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையினர் அத்தளத்தை அமைத்தனர். போர் முடிந்தபின் அது பொதுமக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று 'ஏர் சிலோன்' நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அந்நாளில் வழங்கிய இத்தளத்தில் இறங்கி, பின்பு சென்னைக்குச் சென்றது. இலங்கையின் முதல் பன்னாட்டு விமானப் பயணங்களுள் யாழ்ப்பாணமும் ஒரு தங்குமிடமாய் இருந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது. 1970-களின் இறுதியில் இந்தியாவுக்கான அவ்வழி நின்றுபோயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வரத் தொடங்கியது. ஐந்து திங்கள் கழிவதற்குள் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் அவ்வழி மீண்டும் அடைபட்டது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி திறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கிற்று. ஏறத்தாழ 110 கிலோமீட்டர்க் கடல்வழி அது. சித்தியாருக்குக் கடற்பயணம் ஒவ்வாதாகையால் அதனை நாங்கள் கருதவில்லை.

இனி நேரக் கணக்கு. எங்களை ஏற்றிச் சென்றது ஏ.டி.ஆர். 72 என்னும் விசிறி விமானம். பலாலியின் ஓடுபாதை நீளம் குறைந்தது. பெரிய தாரை விமானங்களுக்கு அது போதாது. எனவே இத்தகைய விமானங்களே அங்குச் செல்லத் தொடங்கின. எழுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட இருக்கைகள் அதில் உண்டு. நடுவானில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 183-ஐ 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம் வரும். ஆனால் கால அட்டவணையில் 1 மணி நேரம் என்று போட்டிருந்தது.

"மற்ற நேரம் எல்லாம் எங்கே போகும்?" என்று சித்தியார் கேட்டார். வகுப்பில் இருந்திருந்தால் நல்ல மாணவி என்று பாராட்டியிருப்பேன்.

அட்டவணையில் காணும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நிற்கும்போது சக்கரங்களுக்கு அணையாகக் கட்டைகள் வைத்திருப்பர். அக்கட்டைகளை எடுத்து விமானம் அசையத் தொடங்கும் கணத்திலிருந்து, சென்றடையும் ஊரில் அது மீண்டும் அசைவற்று நிற்கும் கணம் வரை உள்ள முழுப்பொழுதையே பயண நேரம் என்று கணக்கிடுகின்றனர். ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்லும் நேரம், முறைக்காகக் காத்து நிற்கும் நேரம், இறங்கியபின் ஊரும் நேரம் ஆகிய யாவும் அதில் அடங்கும். வானிலும் முழு வேகத்தில் செல்வது இடைப்பகுதியில் மட்டுமே. ஏறும்போது விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவிலேயே செல்லும். இறங்கி நிலத்தை நெருங்கும்போது அதன் வேகம் 200 கிலோமீட்டர் அளவுக்குக் குறையும். மலையேறுபவன் உச்சியில் ஓடுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவனுடைய சராசரி வேகம் அமையும். குறுகிய வழியில் ஏற்றமும் இறக்கமுமே பெரும்பகுதி ஆகிவிடுகின்றன. அதனாலேதான் சென்னையிலிருந்து பலாலிக்கு உள்ள தொலைவு 355 கிலோமீட்டர், அதாவது திருச்சி வழியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு, ஆன போதிலும் அதற்குக் குறித்த நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணிதான். தொலைவு இருமடங்கானால் நேரமும் இருமடங்காகும் என்னும் விதி இங்குச் செல்லாது.

காற்றையும் கருதவேண்டும். விமானம் காற்றை எதிர்த்து ஓடியே எழும். காற்றை எதிர்த்தே இறங்கும். எதிர்க்காற்று இறக்கைகளைத் தாங்குவதால் குறைந்த ஓட்டத்திலேயே அதனால் எழ இயலும். ஓடுபாதையின் ஒவ்வொரு முனையிலும் ஓர் எண் எழுதியிருக்கும். அது அப்பாதை நோக்கும் திசைப்பாகையைப் பத்தால் வகுத்து வருவது. திருச்சி ஓடுபாதையில் 09, 27 என்ற எண்கள் உள்ளன. அஃதாவது ஒரு முகம் கிழக்கு, மறுமுகம் மேற்கு. பலாலியின் எண்கள் 05, 23. வடகிழக்கும் தென்மேற்கும் ஆகும். ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதை யாவரும் அறிவர். எனவே தென்கிழக்கே செல்ல வேண்டிய விமானம் முதலில் மேற்கு நோக்கி ஓடி எழுந்து, பின்னரே திரும்பவேண்டும்.

புறப்படும் நாளும் வந்தது. பன்னாட்டுப் பயணமாதலால் 3 மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குச் சென்றோம். 2024-இல் திறந்த புதிய முனையம் அது. திருவரங்கக் கோபுரத்தின் வண்ணங்களை நினைவூட்டும் முகப்பு உடையது. வரிசைகளில் நின்றோம், கடவுச்சீட்டைக் காட்டினோம், பின்பு உட்கார்ந்திருந்தோம். பறக்கும் நேரத்தைப்போல் நான்கு மடங்கு நேரம் காத்திருப்பிற் கழிந்தது. சித்தியார் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "அண்ணைக்கு எப்படி?" என்று கேட்டார். "கண் விழித்திருக்கிறார், அத்தை வருகிறா என்று சொன்னோம்" என்று விடை வந்தது.

விமானம் அசைந்தவுடன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஓடுபாதைக்குச் செல்ல 9 நிமிடம் ஆயின. எதிர்பார்த்தபடியே மேற்கு நோக்கி எழுந்தது. பின் இடப்புறம் சாய்ந்து திரும்பியது. ஏ.டி.ஆர். விமானத்தின் இறக்கைகள் உடலின் மேற்புறத்தில் பொருந்தியவை. ஆதலால் கீழேயுள்ள நிலம் சாளரத்தின் வழியே மறைவின்றித் தோன்றும். சிவந்த மேட்டு நிலங்களும் ஏரிகளும் சென்றன. சிறிது நேரத்தில் கிழக்கே பசுமை விரிந்தது. அது காவிரி பாயும் வயல்நிலம். சித்தியார் இவற்றை நோக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டிருந்தார். "கடல் வந்தால் சொல்லு தம்பி" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கடல் வந்தது. கரையோரம் சேற்று நிறமாகவும், அதற்கப்பால் வெளிறிய பச்சையாகவும் இருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்ற கடல். ஆங்காங்கே நீரின் நிறம் மாறி மணல் மேடுகளைக் காட்டியது. சொன்னேன். அதுமுதல் அவர் சாளரத்தை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

இடையில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கடிகாரத்தைக் கொண்டு பயண நேரத்தை அளப்பவர் இரு ஊர்களின் கடிகாரங்களும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்தல் வேண்டும். இன்று இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே நேரம். ஆனால் 1996-ஆம் ஆண்டு மே திங்களில் இலங்கை அரசு தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அவ்வாண்டு அக்டோபரில் அதில் அரைமணி குறைத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. அந்த இடைக்காலத்தில் இத்தகைய ஒரு மணி நேர விமானம் ஒன்று இருந்திருக்குமாயின், போகும்போது ஒன்றரை மணி ஆனதாகவும், திரும்பும்போது அரை மணியே ஆனதாகவும் கடிகாரம் காட்டியிருக்கும். தேர்வில் கேட்கத்தக்க கணக்கு!

விமானம் தாழத் தொடங்கியது. வலப்புறம் ஒரு கரைக்கோடு தோன்றியது. தென்மேற்குக் காற்றை எதிர்த்து இறங்க வேண்டியிருந்தமையால், விமானம் நேரே தரையை நோக்கிச் செல்லாமல் கடல்மேலேயே கிழக்கே சென்று, பின் வளைந்து திரும்பி வடகிழக்கிலிருந்து ஓடுபாதையை அணுகியது. அவ்வளைவுக்குச் சில நிமிடங்கள் செலவாயின. கரையில் பனைகள், அவற்றுக்கிடையே யாழ்ப்பாணத்துக்கே உரிய செம்மண். சித்தியார் இடப்புறச் சாளரத்தருகே அமர்ந்திருந்தார். கூரையில்லாத சுவர்கள் சில, செடிகள் மூடிக்கிடந்த தோட்டங்கள், ஒரு நீண்ட கம்பி வேலி ஆகியவை விரைந்து சென்றன. "அந்தப் பனைகளுக்கு அங்கால்தான் எங்கட வளவு" என்றார். வளவு என்பது வீடும் அதைச் சூழ்ந்த தோட்டமும் சேர்ந்த நிலம். போர் 2009-இல் முடிந்தபின் அப்பகுதி நிலங்கள் சிறிது சிறிதாக உரியவர்களிடம் திருப்பி அளிக்கப்பட்டு வந்தன. சித்தியார் பிறந்த வளவு இன்னும் வேலிக்குள்ளேயே இருந்தது. அவர் காட்டிய இடத்தை நான் பார்ப்பதற்குள் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன.

கடிகாரத்தைப் பார்த்தேன். வானில் 41 நிமிடம். இரு நிலையங்களிலும் ஊர்ந்தது 12 நிமிடம். ஆக மொத்தம் 53 நிமிடம். குறித்த நேரத்துக்கு 7 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம். பழைய கணக்கில் இரண்டரை நாழிகைக்கும் குறைவு. அந்நேரத்தில் நடந்து செல்பவன் காதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூடக் கடந்திருக்க மாட்டான்.

சுன்னாகம் பலாலியிலிருந்து தொலைவில் இல்லை. சித்தியாரின் தமையனார் மகன் வண்டியுடன் வந்திருந்தான். வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. வீட்டு வாயிலில் செருப்பைக் கழற்றுவதற்கும் சித்தியார் நிற்கவில்லை. பிறகு நினைவு வந்து, உள்ளிருந்து திரும்பிவந்து கழற்றி வைத்துவிட்டுச் சென்றார்.

மாமா சாய்வுக் கட்டிலில் தலையணைகளை முதுகுக்கு அணையாகக் கொண்டு அமர்ந்திருந்தார். மூச்சு வாங்கியது, கண்கள் தெளிவாக இருந்தன.

"அண்ணை, வந்திட்டன்" என்றார் சித்தியார்.

அவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு என்னைப் பார்த்து, "எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டார். வெளிக்கிடுதல் என்றால் அவ்வூர் வழக்கில் புறப்படுதல். அவர் இளமையில் அஞ்சலகத்தில் பணியாற்றியவர். நேரங்களைக் குறித்து வைக்கும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. வீட்டை விட்டது காலை 9 மணி என்றும், இப்போது மாலை 3 மணி என்றும், பறந்தது 41 நிமிடமே என்றும் சொன்னேன்.

"41" என்று அவர் திரும்பச் சொன்னார். பிறகு இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு, தாம் 1963-இல் திருவரங்கத்துக்கு வந்த கதையைச் சொன்னார். மாலையில் யாழ்ப்பாணத்தில் இரயில் ஏறி, மதவாச்சியில் இறங்கி வண்டி மாறி, விடியலில் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்கு வந்து, சுங்கச் சோதனை முடித்து, மீண்டும் இரயில் ஏறி, நள்ளிரவில் திருச்சியில் இறங்கினாராம். மறு ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. "அந்த இரயில் பாதையைக் கடல் கொண்டுபோயிற்று. இதை யாரும் கொண்டுபோகாமல் இருக்கவேணும்" என்றார். மேலே பேச இயலாமல் சித்தியாரைப் பார்த்துத் தலையை அசைத்தார். சித்தியார் அவருக்குச் சிறிது வெந்நீர் கொடுத்தார். அன்றிரவு அவர் கட்டிலின் அருகே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாமாவுக்குச் சற்றுத் தெளிவு கண்டது. "அம்மாவுக்காக நீ கீரிமலைக்கு ஒருக்கால் போய்வா" என்று அவரே தங்கையிடம் சொன்னார். கீரிமலை, நகுலேசுவரம் என்னும் சிவத்தலம் அமைந்த கடற்கரை. கடலை ஒட்டியே அங்கு நன்னீர் ஊற்றுக்கேணிகள் உள்ளன. யாழ்ப்பாணத்து மக்கள் அந்தியேட்டி செய்ய அங்குச் செல்வது நெடுநாள் வழக்கம். சித்தியாரின் தாயார் இறந்த ஆண்டில் அவ்விடத்துக்குச் செல்ல எவராலும் இயலவில்லை. தமையனார் கிரியையை வேறோர் இடத்தில்தான் செய்திருந்தார்.

சித்தியார் பெண்களுக்குரிய கேணியில் முழுகி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்தார். கடலுக்கு அணையாகக் கட்டிய கற்சுவரின் மேல் இருவரும் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். வடக்கே நீர் மட்டுமே தெரிந்தது. 34 ஆண்டுகளுக்கு முன் வந்த அக்கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று, நான் கேளாமலே, ஒவ்வொரு வரியாகச் சொன்னார். கடைசி வாரத்தில் தாயார் தம்மைப் பற்றிக் கேட்டாரா என்பது அதில் இல்லை என்றார். "அண்ணையிடம் நேற்றுக் கேட்டேன். கேட்டவவாம்."

அவ்வேளையில் தென்கிழக்கே இரைச்சல் கேட்டது. பலாலியிலிருந்து எழுந்த அன்றைய விமானம், கரையோரமாகத் திரும்பி வடமேற்கு நோக்கிச் சென்றது. அதன் விசிறிகள் வெயிலில் ஒருமுறை மின்னின. சித்தியார் நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு அது சிறு புள்ளியாகும் வரை பார்த்தார். நான் வழக்கப்படி கைக்கடிகாரத்தை நோக்கினேன்.

"இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும்?" என்றார் சிறிது நேரங்கழித்து.

"அதிராம்பட்டினத்துக் கரையை நெருங்கியிருக்கும்."

"சரி, எழும்பு தம்பி, அண்ணைக்குக் கஞ்சி குடிக்கிற நேரமாயிற்று" என்று சொல்லி, ஈரப் புடவையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார்.